போர்டில் வைக்க எந்த சிலிக்கோன்? எலெக்ட்ரானிக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹார்டுவேர் கடையில் போய் "சிலிக்கோன் ஒன்று கொடுங்க" என்று கேட்டால், கைக்கு வருவது பெரும்பாலும் கண்ணாடிக்கும் குளியலறை ஓரத்துக்கும் பூசுகிற கார்ட்ரிட்ஜ்தான். பிழிந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறும். கண்ணாடிக்கு அது அருமையான சரக்கு. மீன் தொட்டி செய்கிறவர்கள் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதையே சர்க்யூட் போர்டில் வைத்துப் பெட்டியையும் மூடிவிட்டால், கொஞ்ச காலத்தில் செம்புக் கம்பியின் நுனியில் பச்சை பூத்திருக்கும். கெப்பாசிட்டர் ஆடாமல் நிற்கும், போர்டுதான் வேலை செய்யாது.

சிலிக்கோன் வாங்கப் போகிற புதியவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு பலமாக ஒட்டும், எத்தனை டிகிரி தாங்கும் என்பதுதான். இந்த இரண்டிலும் ஏறக்குறைய எல்லா ட்யூபும் தேறிவிடும். சாதாரணமானதே 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். உங்கள் போர்டு அந்தச் சூட்டுக்குப் போனால் பசையைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டை. இறுகும்போது அதிலிருந்து என்ன வெளியேறுகிறது? இறுகி முடிந்த பிறகு அதன் வழியாக என்ன உள்ளே வருகிறது? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எந்த ட்யூப் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

பேச்சுக்கு ஒரு போர்டை வைத்துக்கொள்வோம்: கிணற்று மோட்டாரைச் செல்போனிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் உதவுகிற மொபைல் ஸ்டார்ட்டர். மோட்டார் அறைச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே த்ரீ ஃபேஸ் கரண்ட், இரண்டு மூன்று ரிலே (மின்சாரத்தில் திறந்து மூடும் ஸ்விட்ச்), உயரமான எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், சிம் போடும் மாட்யூல், வெளியே போகும் ஆன்டெனா வயர். சித்திரை வெயில், ஐப்பசி மழை, மோட்டாரின் அதிர்வு, எறும்பு, பல்லி எல்லாம் அதற்கு உண்டு. சிலிக்கோன் செய்ய வேண்டிய வேலைகள் அத்தனையும் இந்த ஒரு பெட்டியிலேயே இருக்கின்றன.

வாடையிலிருந்து தொடங்குங்கள்

ட்யூபில் வரும் ஒரு பாக சிலிக்கோனை, அதாவது எதையும் கலக்காமல் அப்படியே பிழிந்து போடுவதை, ஆர்.டி.வி. என்பார்கள். அறை வெப்பத்திலேயே ரப்பராக இறுகும் என்று பொருள். இறுகுவதற்குத் தேவையானது சூடு இல்லை, காற்றில் இருக்கும் ஈரம். ஈரம் பட்டதும் பசைக்குள் இருக்கும் இணைப்பு மூலக்கூறு உடைந்து ஏதோ ஒன்றை வெளியே தள்ளிவிட்டுச் சங்கிலிகளைக் கோத்துக்கொள்ளும். அந்த "ஏதோ ஒன்று" என்ன என்பதை வைத்துத்தான் வகை பிரிகிறது.

அசிட்டாக்ஸி வகை அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகர் வாடை அதுதான். சீக்கிரம் தோல் கட்டும், கண்ணாடியிலும் பல உலோகங்களிலும் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் அமிலம் செம்பு, பித்தளை, ஈயம் மூன்றையும் தின்னும். போர்டில் இருப்பவை முக்கால்வாசி இவைதான்: செம்பு ட்ராக், பித்தளை டெர்மினல், பழைய முறை சால்டரில் ஈயம். திறந்த வெளியில் அமிலம் பறந்துவிடும் என்பது உண்மை. மூடிய பெட்டிக்குள் அது சுற்றிச் சுற்றி வந்து, பசை தொடாத இடத்தையும் அரிக்கும். "வயரிலிருந்து தள்ளித்தானே வைத்தேன்" என்பது அங்கே பயன்படாது.

ஆக்ஸைம் வகையில் அமிலம் இல்லை. கடையில் "நியூட்ரல்" என்று விற்பதில் கணிசமான பங்கு இதுதான். புதியவர்கள் "நியூட்ரல்" என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஆக்ஸைமும் செம்பைக் கறுக்கச் செய்யக்கூடும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில், முக்கியமாக ஸ்க்ரூ இறுக்கி அழுத்தத்தில் இருக்கும் இடங்களில், மயிரிழை விரிசல் விடவும் வைக்கும். நம் ஸ்டார்ட்டர் பெட்டியின் கண்ணாடி போன்ற மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட். தவிர, இவற்றிலிருந்து வெளியேறும் மெத்தில் எத்தில் கீட்டாக்ஸைம் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்து, அந்த விதி 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

ஆல்காக்ஸி வகை மெத்தனால் போன்ற ஆல்கஹாலை விடும். லேசான வாடை, உலோகத்தை அரிக்காது. மெதுவாக இறுகும், விலை கூடுதல், ட்யூபின் ஆயுளும் குறைவு. எலெக்ட்ரானிக்ஸுக்கு நீங்கள் தேட வேண்டியது இதைத்தான். மெத்தனால் விஷம் என்பதால் காற்றோட்டம் இங்கேயும் வேண்டும். ஒரு போர்டுக்குப் போடும் அளவில் ஜன்னல் போதும், நாள் முழுக்கப் பசை போடுகிற பட்டறை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம்.

ட்யூபில் எதைப் படிப்பது

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நிறமில்லாதது எல்லாம் எந்த வகையிலும் கிடைக்கும். சிவப்பு ட்யூப் "ஹை டெம்பரேச்சர்" என்று எஞ்சின் கேஸ்கெட்டுக்காக விற்கப்படுவது. மொமென்டிவ் கம்பெனியின் ஆர்.டி.வி. 106 மாதிரி அவற்றில் பல அசிட்டாக்ஸிதான். சூடு தாங்குமே என்று பவர் சப்ளைக்குள் கொண்டுபோய் வைக்கத் தோன்றும், அதுதான் பொறி.

நம்பிப் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தின் மில்-ஏ-46146 என்ற விவரக்குறிப்பு, அரிக்கப்படக்கூடிய உலோகங்களுக்கும் கருவிகளுக்கும் பக்கத்தில் வைக்கத் தகுந்த, அரிக்காத சிலிக்கோன்களுக்காகவே எழுதப்பட்டது. கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டா ஷீட்டில் இந்த எண் இருந்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது போலத்தான். டவ்சில் 3145, லாக்டைட் 5145 போன்றவை இந்த வரிசையில் வருபவை. அந்த எண் கண்ணில் படாவிட்டாலும் ஆல்காக்ஸி என்று தெளிவாகச் சொல்லும் டவ்சில் 738, மொமென்டிவ் ஆர்.டி.வி. 162 போன்றவை சாதாரண போர்டுக்குத் தாராளமாகப் போதும். தவிர்க்க வேண்டிய பக்கத்தில் டவ்சில் 732, டவ்சில் 734, ஆர்.டி.வி. 108, வாக்கரின் எலாஸ்டோசில் இ41 ஆகியவை இருக்கின்றன. எல்லாமே நல்ல கம்பெனிச் சரக்கு, எல்லாமே அசிட்டாக்ஸி. கம்பெனிப் பெயர் மட்டும் காப்பாற்றாது என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பெயர் தெரியாத வெள்ளை ட்யூப் ஒன்றை "எலெக்ட்ரானிக் கிரேடு சார்" என்று கொடுத்தால் என்ன செய்வது? ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. செம்பு வயரைத் தோலுரித்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலுக்குள் வையுங்கள். பக்கத்தில், வயரைத் தொடாமல், பட்டாணி அளவு பசையைப் பிழியுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தோய்த்த பஞ்சையும் உள்ளே போட்டு மூடுங்கள். பசை இல்லாத இன்னொரு பாட்டிலையும் அதே மாதிரி ஒப்பிடுவதற்கு வையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு வயரையும் வெளிச்சத்தில் பாருங்கள். முதல் பாட்டிலில் மட்டும் பச்சையோ கறுப்போ இருந்தால் அந்த ட்யூப் குளியலறைக்கு. பாட்டிலைத் திறக்கும்போது வாடையைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

என்ன வேலைக்கு, எந்தக் கட்டி

வகை முடிவானதும் அடுத்தது கெட்டித்தன்மை. பேஸ்ட் மாதிரி நிற்பது ஒரு ரகம், தேன் மாதிரி ஓடுவது இன்னொரு ரகம்.

கெப்பாசிட்டர், காயில், ட்ரான்ஸ்ஃபார்மர் போன்ற கனமானவை அதிர்வில் ஆடிக் கால் முறியாமல் இருக்க, நிற்கிற பேஸ்ட் வேண்டும். அடியைச் சுற்றிப் பக்கவாட்டில் இரண்டு மூன்று இடங்களில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறுகிற மாதிரி வைத்தால் போதும். முழுக்கப் பூசுவது அழகாகத் தெரியலாம், தேவையில்லாதது. கெப்பாசிட்டரின் தலையில் பிளஸ் அல்லது கே எழுத்து மாதிரி கீறல் இருக்கிறதே, உள்ளே அழுத்தம் ஏறினால் பிளந்து வாயுவை விடுவதற்கான வழி அது. அதன்மேல் பசை போடக் கூடாது. அடியிலுள்ள ரப்பரையும் சுற்றிலும் ஒரேயடியாக அடைத்துவிட வேண்டாம்.

பழைய டிவி, பவர் சப்ளை போர்டுகளைத் திறந்தவர்களுக்குத் தேன் நிறத்தில் ஒரு பசை தெரிந்திருக்கும். அது சிலிக்கோன் இல்லை. குளோரோப்ரீன் ரப்பரில் செய்தது. சூட்டில் பழுப்பாகி, பிறகு கறுத்து, மின்சாரத்தையே கடத்த ஆரம்பித்துவிடும், கால்களையும் அரிக்கும். ரிப்பேருக்கு வந்த போர்டில் அதைப் பார்த்தால் முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே புதிய பசை. ஹாட் க்ளூவும் இங்கே வேண்டாம். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் அது இளகிவிடும்.

டெர்மினல் பின்கள், சால்டர் முனைகள் போன்றவற்றை ஈரத்திலிருந்து மறைக்க ஓடுகிற ரகம் நல்லது. டவ்சில் 3140 இந்த வேலைக்காகவே வருவது. மெல்லியதாக ஓடிப் படியும், நிறமில்லாததால் அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். சிலிக்கோன் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், ஒரு மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 கிலோவோல்ட் வரை. ஆனால் அதை நம்பி 415 வோல்ட் கால்களின் இடைவெளியைக் குறைக்கிற வேலை வேண்டாம். பசைக்குள் ஒரு காற்றுக்குமிழ் இருந்தால் கணக்கு எல்லாம் மாறிவிடும்.

ஹீட்சிங்கில் (சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் துண்டு) ஒட்ட வேண்டுமென்றால் அதற்கென்று வெப்பம் கடத்தும் சிலிக்கோன் தனியாக இருக்கிறது. சாதாரண ட்யூப் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.2 வாட் அளவுதான் கடத்தும். சூடாகும் ஐசி மேல் அதைப் பூசினால் கம்பளி போர்த்துவது போலத்தான். வெள்ளையாக ஊசிக்குழலில் வரும் ஹீட்சிங்க் பேஸ்ட் வேறு சரக்கு, அது இறுகவே இறுகாது, எதையும் பிடித்து நிறுத்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ட்ரான்சிஸ்டரைப் பேஸ்டில் "ஒட்டி" அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரிலே இருக்கிறதா? கொஞ்சம் நில்லுங்கள்

இதைப் பல வழிகாட்டிகள் விட்டுவிடுகின்றன, அதனால் விரிவாகவே சொல்கிறேன். அமிலமும் ஆல்கஹாலும் மட்டும் சிலிக்கோனிலிருந்து வெளியேறுவதில்லை. இறுகி முடிந்த பிறகும், சங்கிலியில் சேராத சிறிய சிலோக்சேன் மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பெட்டி சூடாக ஆக, ஆவியும் கூடும். இந்த ஆவி ரிலேயின் கான்டாக்ட் முனையில் படிகிறது. ரிலே திறந்து மூடும்போது விழும் பொறியில் அது எரிந்து சிலிக்காவாகிறது. சிலிக்கா மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய படலம் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் ரிலே "டிக்" என்று அடிக்கும், மோட்டார் மட்டும் ஓடாது. மீட்டர் வைத்துப் பார்த்தால் காயில் சரியாக இருக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பிளாஸ்டிக் மூடி போட்ட ரிலேதானே, உள்ளே எப்படிப் போகும் என்று கேட்கலாம். சாதாரண ரிலேயின் மூடி காற்றுப் புகாதது இல்லை. அடியில் எப்பாக்ஸி போட்டு அடைத்த ரகத்தில் ஆபத்து குறையும், பூஜ்யமாகாது.

எனவே ரிலே இருக்கும் பெட்டியில் சிலிக்கோனை எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக வையுங்கள். டேட்டா ஷீட்டில் "லோ வாலடைல்" அல்லது குறைந்த சிலோக்சேன் என்று குறிப்பிட்ட ரகம் கிடைத்தால் அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. எது வைத்தாலும், இறுகிய பிறகு மூடியைத் திறந்தே நான்கைந்து நாள் காற்றோட்டமான இடத்தில் விட்டுவிட்டு அப்புறம் மூடுங்கள்.

கேஸ் சென்சார்களுக்கும் இதே கதைதான். எம்.க்யூ. வரிசை சென்சார்களின் டேட்டா ஷீட்டிலேயே சிலிக்கோன் ஆவி படக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. ஆவி படிந்தால் சென்சாரின் உணர்வு மங்கிவிடும், திரும்ப வராது. காரின் ஆக்சிஜன் சென்சாருக்கும் இது ஆகாது. கேஸ்கெட் சிலிக்கோன் ட்யூப்களில் "சென்சார் சேஃப்" என்று அச்சடிப்பது அதனால்தான். செயற்கைக்கோள் பக்கம் போகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஏ.எஸ்.டி.எம். இ595 சோதனை கேட்பார்கள். வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் எடை 1 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, ஆவியாகி வேறு இடத்தில் படிவது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடையில் கிடைக்கும் எந்த ட்யூபையும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே வைக்க முடியாது.

வேலையைச் செய்வது

முதலில் சுத்தம். சால்டர் நன்றாகப் பிடிப்பதற்காகச் சேர்க்கும் ஃபிளக்ஸ், வேலை முடிந்தும் மிஞ்சியிருக்கும்; அதைக் கழுவாமல் மேலே சிலிக்கோன் போட்டால், ஃபிளக்ஸைப் பத்திரமாக மூடிவைத்த மாதிரிதான் ஆகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் போதும். ஆல்கஹால் முழுக்கக் காயட்டும். ஈரமாக இருக்கும்போதே பசை போட்டால் இறுகுவது கெட்டுப்போகும். கழுவிய பிறகு விரலால் தொடாதீர்கள். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும்.

எதில் ஒட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். கண்ணாடி, அலுமினியம், போர்டின் எப்பாக்ஸி, பீங்கான் எல்லாவற்றிலும் நன்றாகப் பிடிக்கும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், டெஃப்லான் மூன்றிலும் பிடிக்காது, இறுகிய பிறகு இழுத்தால் தோலாக உரிந்து வரும். சில பிளாஸ்டிக்குக்கு ப்ரைமர் பூசினால் சரியாகும். ப்ரைமரை மெல்லியதாகத் துடைத்தாற்போல் பூசி, அது காற்றின் ஈரத்தில் வேலை செய்ய நேரம் கொடுத்துவிட்டுத்தான் பசை.

ட்யூப் பழையதாக இருந்தால் ஒரு காகிதத்தில் கொஞ்சம் பிழிந்து பாருங்கள். டேட்டா ஷீட் சொல்லும் நேரத்தில் தோல் கட்டவில்லை என்றால் அந்த ட்யூபை நம்ப வேண்டாம். ஆல்காக்ஸி ட்யூப்கள் காலாவதித் தேதி தாண்டினால் பெரும்பாலும் இந்த மாதிரிதான் காலை வாரும்.

பிழியும்போது நாசிலின் நுனியைப் பசைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மெதுவாகத் தள்ளுங்கள். மேலிருந்து விட்டால் காற்று சிக்கும். வடிவம் கொடுக்க வேண்டியதைத் தோல் கட்டுவதற்குள் கொடுத்துவிடுங்கள். தோல் கட்டிய பிறகு தடவினால் கிழிந்து கிழிந்து அசிங்கமாகும், ஒட்டும் போய்விடும்.

எதில் போடக் கூடாது என்பதும் முக்கியம். சிம் மாட்யூலின் ஆன்டெனா மேல் வேண்டாம், அலைவரிசை நகர்ந்து சிக்னல் குறையும். கனெக்டர் வாய், ட்ரிம்மர், பஸ்ஸரின் துளை, அழுத்தம் அளக்கும் சென்சாரின் துளை இவற்றை முதலிலேயே டேப் ஒட்டி மறையுங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது

பொறுமை இல்லாதவர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இங்கேதான். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளே இறுகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஈரம் வெளியிலிருந்து உள்ளே ஊறிப் போக வேண்டும். ஏற்கெனவே இறுகிய பகுதி வழியாகத்தான் போக வேண்டும். 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால் முதல் நாளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இறுகும். இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் என்பது தோராயக் கணக்கு. அதாவது 3 மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்றால் 6 மில்லிமீட்டருக்கு நான்கு நாள். அதற்கு மேல் கனமாக ஒரே தடவையில் போடாதீர்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் ஈரம் அதிகம், சீக்கிரம் ஆகும். ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டிருப்பதால் டேட்டா ஷீட்டில் உள்ளதைவிடத் தாமதமாகும்.

சூடு வைத்தால் சீக்கிரம் இறுகும் என்று ஹேர் டிரையரோ ஓவனோ எடுப்பவர்கள் உண்டு. 60 டிகிரிக்கு மேல் போனால் குமிழ் கட்டும், காற்றும் வறண்டுவிடும். தேவை ஈரம் என்பதால், ஒரு பெரிய டப்பாவுக்குள் போர்டையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்து லேசாக மூடிவைப்பது அதைவிட நல்ல வழி. தண்ணீர் போர்டில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அகலமான உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு பாக சிலிக்கோனைப் பூசி ஒட்டுவது நடக்காத காரியம். ஓரத்திலிருந்து மட்டும்தான் ஈரம் போக முடியும். 5 சென்டிமீட்டர் அகலத் தகடு என்றால் நடுவிலிருக்கும் பசை மாதக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். அதற்கும் மோசம், முழுக்க இறுகுமுன்னே மூடிச் சூடேற்றினால், வெளியேற முடியாத ஆல்கஹால் சங்கிலிகளை மறுபடி உடைத்து, இறுகியதையே கூழாக்கிவிடும்.

கரண்ட் கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள், பெட்டியை மூடுவதற்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்க நிரப்ப வேண்டுமென்றால்

பெட்டியை முழுக்க நிரப்பும் பாட்டிங் வேலைக்கு ட்யூப் உதவாது, இரண்டு பாகச் சரக்கு வேண்டும். இதில் பிளாட்டினம் வினையூக்கியில் இறுகுவது எலெக்ட்ரானிக்ஸுக்குப் பொருத்தமானது: எதையும் வெளியே தள்ளாது, காற்றின் ஈரமும் தேவையில்லை, எவ்வளவு ஆழமானாலும் ஒரே மாதிரி இறுகும். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சில்கார்டு 184. எடையில் பத்துக்கு ஒன்று என்று கலக்க வேண்டும். அறை வெப்பத்தில் சுமார் இரண்டு நாள், 100 டிகிரியில் 35 நிமிடம். கண்ணளவில் கலக்காதீர்கள், தராசு வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். குமிழை எடுக்க வேக்குவம் பம்ப் இல்லாவிட்டால் அரை மணி நேரம் அப்படியே விட்டு, ஒரே மூலையிலிருந்து நூல் மாதிரி மெல்ல ஊற்றுங்கள்.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு: பிளாட்டினம் சுலபமாக விஷமேறிவிடும். கந்தகம், அமீன், டின் (வெள்ளீயம்) சேர்மங்கள், சில ஃபிளக்ஸ் மிச்சங்கள், சில பி.வி.சி. வயர்கள், இயற்கை ரப்பர் கையுறை என்று எது பட்டாலும் அந்த இடத்தில் மட்டும் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். டின் வினையூக்கி போட்ட மற்ற சிலிக்கோனைக் கலக்கிய குச்சியையே இதற்கும் எடுத்தால் போதும், கெட்டது. முழுப் பெட்டியையும் ஊற்றுமுன் உங்கள் வயர், உங்கள் போர்டு துண்டு ஒன்றின் மேல் கொஞ்சம் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சிலிக்கோன் சூட்டில் போர்டைவிடச் சுமார் இருபது மடங்கு விரியும். மென்மையாக இருப்பதால் பொதுவாகத் தொந்தரவில்லை. ஆனால் கெட்டியான பெட்டியை விளிம்புவரை நிரப்பி மூடியும் இறுக்கிவிட்டால் விரிவதற்கு இடமில்லாமல் மூடியைத் தள்ளும். மேலே கொஞ்சம் காலி விடுங்கள்.

மொபைல் ஸ்டார்ட்டருக்கு முழு பாட்டிங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிலே மாற்றுவது அதில் சாதாரணமாக வரும் வேலை. நிரப்பிவிட்டால் போர்டையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடைத்தால் தண்ணீர் வராதா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். சிலிக்கோன் தண்ணீரை நிறுத்தும், நீராவியை நிறுத்தாது. ரப்பர் வகைகளிலேயே நீராவியையும் வாயுக்களையும் தாராளமாக விடுவது இதுதான். மழை அடித்தால் உள்ளே சொட்டாது, ஆனால் நாள்போக்கில் உள்ளே இருக்கும் ஈரப்பதம் வெளியே இருப்பதற்குச் சமமாகிவிடும். சாக்கடை, தோல் பதனிடும் இடம் போன்ற கந்தக வாயு இருக்கும் இடங்களில் அந்த வாயுவும் சிலிக்கோன் வழியே போய் வெள்ளிப் பூச்சுகளைக் கறுக்கவைக்கும். அங்கே சிலிக்கோன் பூச்சை மட்டும் நம்பக் கூடாது.

பிறகு ஏன் போர்டில் பூசுகிறோம்? சுத்தமான பரப்பில் நன்றாக ஒட்டியிருந்தால், நீராவி ஊறினாலும் அது தண்ணீராகச் சேர்வதற்கு அடியில் இடம் இருக்காது. ஒட்டு விட்ட இடத்தில்தான் துளி சேர்ந்து அரிப்பு தொடங்கும். மறுபடியும் ஃபிளக்ஸைக் கழுவுவதில்தான் வந்து நிற்கிறது.

பெட்டிக்கு வருவோம். வெயிலில் சூடான பெட்டியின் மேல் திடீர் மழை பெய்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைக்கும் சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீரையே உறிஞ்சும். எல்லாப் பக்கமும் சிலிக்கோன் பூசி அடைத்த பெட்டியில் குளம் கட்டுவது இப்படித்தான். அடிப்பக்கம் காற்றுவிடும் சவ்வு வைத்த வென்ட் ப்ளக் ஒன்று போடுங்கள். வயர்களையும் அடியிலிருந்தே ஏற்றுங்கள். வயர் நுழையும் துளையில் அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட்தான் முதல் காவல். சிலிக்கோன் அதற்குத் துணை, மாற்று இல்லை. வயர் வரும் குழாயின் வாயில் ஆல்காக்ஸி சிலிக்கோன் வைத்து அடைத்தால் எறும்பும் பல்லியும் வராது, அதற்கு மட்டும் அது முழு உத்தரவாதம்.

மூடியைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பெட்டியின் விளிம்பில் சீரான கோடாகப் பசையைப் போட்டு, மேலே பாலித்தீன் தாளை விரித்து, மூடியை மெதுவாக வைத்து இறுக விடுங்கள். பாலித்தீனில் ஒட்டாது என்பதால் இறுகிய பிறகு தாளை உரித்து எடுத்துவிடலாம். பெட்டியோடு ஒட்டிய, மூடிக்கு அளவான கேஸ்கெட் கிடைத்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம்.

எடுப்பதும் எடுத்து வைப்பதும்

ட்யூபை மூடும்போது நாசிலைக் கழுவ வேண்டாம். நுனியில் கொஞ்சம் பிதுங்கவிட்டு அப்படியே விட்டால் அது இறுகி அடைப்பாகிவிடும், அடுத்த முறை பிடுங்கி எடுத்தால் போதும். குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

இறுகிய சிலிக்கோனைக் கரைக்க வீட்டில் எதுவும் கிடையாது. மெழுகு மாதிரி இளகாது, ஆல்கஹாலுக்கும் அசையாது. பிளாஸ்டிக் சீவுளியால் வெட்டி எடுத்து, மிச்சத்தை டர்பன்டைனுக்குப் பதிலாகப் பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன் தோய்த்த துணியில் ஊறவைத்தால் உப்பி வரும். விரலால் உருட்டி எடுக்கலாம். பக்கத்து பிளாஸ்டிக்கை டர்பன் என்ன செய்கிறது என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் திரும்பச் சிலிக்கோன்தான் ஒட்டும். பெயிண்ட், எப்பாக்ஸி, போர்டைக் காக்க மேலே பூசும் கன்ஃபார்மல் கோட்டிங் எல்லாம் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகிப் போகும். சிலிக்கோன் வேலைக்கு எடுத்த கத்தி, பிரஷ், துணி, கையுறை எதையும் அந்த வேலைகள் நடக்கும் மேசைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.